பாலம் ஓயட்டும்

எங்கள் தெருக்காரர்களை வெளியூரில் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், திடீரென்று திறந்த வாய் திறந்தபடியே நிற்பார்கள், கொஞ்ச நேரம் கழித்து, விட்ட எழுத்திலிருந்தே தொடர்வார்கள். ஏதோ வலிப்பு என்று பயந்து தண்ணீர் தெளித்தவர்கள்கூட உண்டு. வலிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்தில் எங்கேயோ ஒரு லாரி போயிருக்கும், அவ்வளவுதான்.

எல்லாம் பாலம் பழக்கிவிட்டது. தெரு முடிகிற இடத்தில், ஆற்றின் மேல், வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம் நிற்கிறது. இரண்டு பக்கமும் முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்களைச் சேர்த்து, அம்மைத் தழும்பு மாதிரி உடம்பெல்லாம் ரிவெட் ஆணி அடித்து, தலைக்கு மேலேயும் உத்தரம் போட்டு மூடியிருப்பார்கள். துண்டு துண்டாகக் கப்பலில் வந்ததை இங்கே பூட்டினார்களாம். பூட்டியவர்களுக்கு ஊர் திரும்பும் அவசரமோ என்னவோ, தரைத் தகடுகளை மட்டும் கொஞ்சம் ஆட விட்டுப் போய்விட்டார்கள். ஒரு பஸ் ஏறினால் போதும், பாத்திரக் கடையை அப்படியே மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதற்கு மேல் கத்திப் பேசித் தொண்டை கெட்டதுதான் மிச்சம் என்று தெரு எப்போதோ முடிவுக்கு வந்துவிட்டது. வண்டி ஏறினால் பேச்சு நிற்கும். "பாலம் ஓயட்டும்" என்பார்கள். சண்டை என்றாலும் அதே சட்டம்தான். பஸ் ஏறியதும் இரண்டு கட்சியும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள். இறங்கியதும் விட்ட வசவிலிருந்து ஆரம்பிப்பார்கள். வரிசையாக நாலைந்து லாரி வந்துவிட்டால், எதற்குச் சண்டை போட்டோம் என்பதே மறந்து வீட்டுக்குள் போனவர்களும் இருக்கிறார்கள்.

பாலச் சத்தத்துக்கு மேல் பேசுகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் பிறந்து இங்கேயே இருக்கிற யாரும் அப்படிப் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இந்தச் சத்தத்தால் ஒரு கஷ்டமும் படாத ஒரே ஆள் எங்கள் வீட்டுக்காரர். ஆயுசில் பாதியை நெசவு மில்லில் கழித்தவர். தறிகள் போட்ட சத்தத்தில் காது பாதி போயிற்று. பதிலுக்கு, அடுத்தவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கும் வித்தை வந்து சேர்ந்தது. மில்லில் அத்தனை பேரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். இப்போது மாடியில் நாற்காலி போட்டுப் பேப்பருக்கு மேலே கண்ணை வைத்துக்கொண்டு, பஸ் சத்தத்தில் வெளியூர்க்காரர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தனியாகப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொள்வார். எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். அதற்கு முதலில் நம் வாயை மூடிக்கொண்டு எதிராளி வாயைப் பார்க்க வேண்டுமாம். பாடம் அதோடு முடிந்தது.

இப்படி இருக்கிறபோதுதான் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வந்தார்கள். அந்தப் பாலத்துக்குப் பெயின்ட் அடித்து முடித்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. அக்கரையில் முடிக்கும்போது இக்கரையில் துரு பிடிக்க ஆரம்பித்திருக்கும். இந்தத் தடவை எங்கள் கரையிலிருந்து தொடங்கினார்கள். மேஸ்திரி என்று ஒருவர் இருந்தார். அவர் அக்கரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எறும்பு அளவுக்குத் தெரிகிற ஆட்களை மேற்பார்வை செய்வார். உயரத்துக்குப் பயப்படாத ஆள் ஒருவரை மட்டும் பாலத்தின் உச்சிச் சட்டங்களுக்கு ஏற்றினார்கள். ஒல்லியான, அமைதியான மனிதர். காதோரம் நரைத்திருந்தது, பாதி நரை, பாதி சாம்பல் பெயின்ட், எது எது என்று சொல்ல முடியாது. சாரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து வெளிச்சம் போகிறவரை மேலேயே இருந்ததால், தெருவில் அவருக்கு 'மேலே இருக்கிறவர்' என்று பெயர் வைத்தோம். யாராவது பொய் சொன்னால் "மேல இருக்கிறவர் பாத்துட்டுதான் இருக்கார்" என்போம். உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இந்தத் தெருவில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்ப்பது இத்தனை காலமாக என் பொறுப்பில் இருந்தது. நேற்று வந்த ஆள் என்னைவிட உயரத்தில் உட்கார்ந்துகொண்டார். வந்த புதிதில் ஒருநாள் கீழே போன என்னைக் கூப்பிட்டு, "அம்மா, உங்க பின்பக்க ஜன்னல்ல தாழ்ப்பாள் கழண்டு தொங்குதுங்க" என்றார். என் வீட்டுத் தாழ்ப்பாளை எனக்கே சொல்லுகிற ஆள். போய்ப் பார்த்தால் தொங்கத்தான் தொங்கியது.

அவர் முதலில் அடித்தது, பாலத்துச் சட்டங்களில் எங்கள் கரையோரம் இருக்கிற கடைசிக் கட்டம். தெருவின் கடைசி வீட்டு மாடி ஜன்னலும் அந்தக் கட்டமும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு கொம்பு நீட்டுகிற தூரம். அந்த மாடியில் தையல்காரி இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர். பிறந்ததே அந்த வீட்டில்தான். அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்து அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நாற்பது வயது வந்து நின்றது. அதற்காக அழுது வடிகிறவள் இல்லை. வாய் ஜாஸ்தி. அளவெடுக்கும்போது இடுப்புச் சுற்றளவைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவாள். அதற்குப் பயந்தே பாதிப் பேர் இளைத்தோம்.

ஒருநாள் பாங்க் மேனேஜருடைய வெள்ளைச் சட்டையைத் தைத்து, இஸ்திரி போட்டு, ஜன்னலில் மாட்டியிருந்தாள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. மேலிருந்து ஒரு சாம்பல் சொட்டு, குறி வைத்த மாதிரி, மேனேஜரின் தோள்பட்டையில் வந்து உட்கார்ந்தது.

அவள் ஜன்னலில் பாதி உடம்பை நீட்டி, "ஏங்க மேல இருக்கிறவரே, உங்கள பாலத்துக்கு அடிக்கச் சொன்னாங்களா, பாங்க் மேனேஜருக்கு அடிக்கச் சொன்னாங்களா?" என்றாள்.

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். நிதானமாக யோசித்தார். "மேனேஜருக்கு இந்தக் கலர் எடுக்காதுங்க" என்றார்.

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சண்டை போட முடியுமா? ஒரு சின்ன டப்பாவில் டர்பன்டைன் ஊற்றி, நீளக் கொம்பின் நுனியில் மாட்டி அவர் நீட்ட, அவள் வாங்கிக் கறையை எடுத்தாள். காலி டப்பாவைத் திருப்பி அனுப்பும்போது உள்ளே கொஞ்சம் வெட்டுத் துணி அடைத்து அனுப்பினாள். பிரஷ் துடைக்க, கை துடைக்கத் துணி இல்லாமல் அவர் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்கிறாள். தையல்காரி வீட்டில் வெட்டுத் துணி குப்பையாகக் கிடக்கிறது. பெயின்டருக்கோ துணி கிடைக்கவில்லை. இதைவிடப் பொருத்தம் பார்க்க வேறு என்ன வேண்டும் என்று நான் அன்றைக்கே எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரைத் திருப்பினார்.

அதிலிருந்து தினம் ஒரு பை துணி கொம்பில் போயிற்று. எனக்கும் ஒரு சௌகரியம். அவர் இடுப்பில் தொங்குகிற துணியைப் பார்த்தால் தையல்காரி யாருக்கு என்ன தைக்கிறாள் என்று தெரிந்துவிடும். நீலப்பூத் துணி தொங்கியதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டில் யாருக்கும் சொல்லாமல் திரைச்சீலை மாற்றுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தேன். பதிலுக்கு அவரும் உபகாரம் செய்தார். மேலேயிருந்து பார்த்து, "கோடு போட்ட துணியோட ஒருத்தர் வர்றார், அவசரமா வர்றார்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவள், வருகிற ஆள் முன்பே கொடுத்துத் தைக்காமல் கிடந்த துணியை எடுத்து மெஷினில் போட்டுக்கொண்டு, பாதி முடித்த மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

முதலில் அவர் லாரிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினார். அவள் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள். "பாலம் ஓயட்டும்" என்று சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நாளில் பழகிவிட்டார். பேச்சுப் பாதியில் பஸ் வந்தால், பிரஷைத் தூக்கியபடி வாயைத் திறந்துகொண்டு, அசல் எங்கள் தெருக்காரர் மாதிரியே நிற்பார்.

கல்யாணம் ஆகவில்லையா என்று நான்தான் கேட்டேன். யாராவது கேட்க வேண்டுமே. ஊர் ஊராகப் பாலம் அடித்துத் திரிந்ததில் மறந்துபோயிற்று என்றார். குடையை மறந்துவிட்டு வந்தவர் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

மற்ற ஆட்கள் கட்டம் கட்டமாக நகர்ந்து ஆற்றின் நடுவுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் அந்த முதல் கட்டத்தை விடவில்லை. மேஸ்திரி ஆள் அனுப்பிக் கேட்டால், "சரியாப் பிடிக்கல, இன்னொரு கோட் குடுக்கணும்" என்று சொல்லி அனுப்புவார். போய் அடுத்த கட்டத்தில் கொஞ்சம் வேலை செய்துவிட்டு, மத்தியானம் திரும்பி வந்து முதல் கட்டத்துக்கு இன்னொரு கோட் கொடுப்பார். இரும்புக்குக் குளிரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. அவளும் சளைத்தவள் இல்லை. ஒருநாள் அவர் இடுப்புத் துணியை உற்றுப் பார்த்தேன். நாலு பக்கமும் மடித்து, ஓரம் அடித்திருந்தது. பெயின்ட் துடைக்கிற துணிக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிற தையல்காரியை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அப்போதுதான் தம்பியின் போன் வந்தது. பெரிய ஊரில் பெரிய வீடாக மாறியிருக்கிறானாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இல்லை, அக்கா அங்கே தனியாக எதற்கு, மாசக் கடைசியில் வண்டி கொண்டு வருகிறேன், மெஷினையும் ஏற்றிக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடு என்று சொல்லியிருக்கிறான். நல்ல பையன்தான். அக்காவைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அவள் வரேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான் விஷயம் கேட்கப் போயிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. பாலத்தில் பிரஷ் சரக் சரக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, ஆனால் இடுப்பளவு சொல்லுகிற குரலில், "என்னை இங்க இருன்னு சொல்றதுக்கு யாருக்கா இருக்காங்க?" என்றாள்.

சொன்னது என்னிடம். சத்தம் ஜன்னலுக்கு. பாலத்தில் பிரஷ் நின்றது.

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ்கூட வரவில்லை. பிரஷ் மறுபடியும் சரக் சரக் என்று ஓட ஆரம்பித்தது.

எனக்கு வந்த கோபத்துக்குச் சாரத்தைப் பிடித்து ஆட்டியிருப்பேன். மறுநாள் கீழே நின்று, மாசக் கடைசியில் வண்டி வருகிறதாம் என்று ஜாடையாகச் சொன்னேன். தெரியுங்க என்றார். தெரிந்தால் என்ன செய்வதாக உத்தேசம் என்றேன். அவர் இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு கோட் காஞ்சாதாங்க அடுத்த கோட் அடிக்க முடியும்" என்றார். எங்கள் வீட்டுக்காரரிடம் வந்து சொன்னேன். பெயின்ட் தீர்ந்தாலும் தீரும், அந்த ஆள் வாயைத் திறக்கமாட்டார் என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

இந்த நிலைமையில் வேலையைப் பரிசோதிக்க இன்ஜினியர் வந்தாள். குள்ளமான பெண், தலையில் மஞ்சள் தொப்பி, கனமான ஷூ. பின்னால் மேஸ்திரி, இல்லாத வாலை ஆட்டிக்கொண்டு. நான் அந்த நேரம் பார்த்து வாசல் பெருக்க வந்தேன். அவள் கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி இருந்தது. அதை இரும்பின் மேல் வைத்தால் பெயின்ட் எவ்வளவு கனம் என்று எண் காட்டும். ஆற்று நடுவிலிருந்து ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது போல, தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். முதல் கட்டத்தில் வைத்தாள். கருவியைத் தட்டினாள். மறுபடியும் வைத்தாள். மெஷினில் கோளாறு இருக்கும் மேடம் என்றார் மேஸ்திரி. அவள் பக்கத்துக் கட்டத்தில் வைத்தாள், சரியான எண். திரும்ப வந்து இங்கே வைத்தாள். அதைப் போல மூன்று மடங்கு.

ஏணியில் ஏறினாள். மேலே எந்த இடத்தில் கனம் அதிகம் என்று தேடிக்கொண்டே போய், சாரத்தில் அவர் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்து, அவர் பார்க்கிற திசையைப் பார்த்தாள். எதிரே ஜன்னல். ஜன்னலில் தையல்காரி, தலையே தெரியாத அளவுக்குக் குனிந்து, படு வேகமாக மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசிக்குக் கீழே துணி இல்லை.

இன்ஜினியர் இறங்கி வந்து, சிரிக்காமல், "இது பெயின்ட் இல்ல, போர்வை" என்றாள். பிறகு அவரைப் பார்த்துப் பொறுமையாகவே எடுத்துச் சொன்னாள். வெயிலில் இரும்பு விரியும். இவ்வளவு கனமாக இருந்தால் பெயின்ட் கூடவே விரியாது, வெடித்து உரியும். உள்ளே தண்ணீர் இறங்கி, பெயின்டே அடிக்காததைவிட மோசமாகத் துரு பிடிக்கும். அவருக்கும் அது தெரியாத விஷயம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"உன் கண்ணு எங்கய்யா இருந்துச்சு?" என்று மேஸ்திரி கத்தினார்.

வாசலில் நின்ற தெருவே தரையைப் பார்த்தது.

எல்லாவற்றையும் வெறும் இரும்பு தெரிகிறவரை சுரண்டி எடுத்து, முதல் பூச்சான பிரைமரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னாள். அதற்கு ஆள் எங்கே, எல்லோரும் அக்கரைக்கு நகர வேண்டுமே என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "யாரு அடிச்சாங்களோ அவங்களே தனியா இருந்து சுரண்டட்டும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். படித்த பெண், கணக்கில் புலி. இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டாளா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அவர் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். பாதி ஏணியில் இந்தப் பக்கம் திரும்பினார். தண்டனை வாங்கினவன் முகம் அப்படி இருக்காது.

சுரண்டல் தொடங்கியது. கம்பி பிரஷும் சுரண்டியும் போட்ட சத்தத்தில் எங்கள் எல்லோருக்கும் பல் கூசியது. மெதுவாகத்தான் சுரண்டினார். சாம்பலுக்குக் கீழே இன்னொரு சாம்பல் வந்தது. அதற்கும் கீழே பச்சை வந்தது. பச்சையைப் பார்த்ததும் நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். என்னைக் கல்யாணம் செய்து இந்தப் பாலத்தின் வழியாக பஸ்ஸில் கூட்டி வந்த அன்றைக்குப் பாலம் பச்சை நிறத்தில் இருந்தது என்று நான் காலம் காலமாகச் சொல்லிவருகிறேன். இல்லை, சாம்பல்தான் என்று எங்கள் வீட்டுக்காரர் அடித்துப் பேசுவார். கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "பச்சைதான். அன்னைக்கு நான் உன்னையேதான் பாத்துட்டு வந்தேன், பாலத்த யாரு பாத்தா?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நல்லவேளை.

மாசக் கடைசி வந்தது. வண்டியும் வந்தது. அன்று காலையில்தான் மேலே இருக்கிறவர் கடைசிப் பொட்டு பெயின்டையும் சுரண்டி முடித்து, வெறும் இரும்பில் பிரைமர் அடிக்க ஆரம்பித்திருந்தார். தம்பி வண்டியை வாசலில் நிறுத்தி, எல்லோரையும் நலம் விசாரித்தான். பஸ் போகும்போதும் நிறுத்தாமல் விசாரித்தான். ஊரை விட்டுப் போய் நாளாயிற்று, பழக்கம் விட்டுப்போயிற்று. அக்கா வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள். இவன் பேசிக்கொண்டே இருப்பான். பாலம் ஓயும்போது இவன் பேச்சு முடிந்திருக்கும். புது வீட்டில் அவளுக்கு எந்த அறை என்று அவன் சொன்னது அப்படித்தான் அவள் காதில் விழாமல் போனது.

மெஷின் மிதிக்கிற ரகம், கனம். தம்பியும் டிரைவரும் மூச்சு முட்ட அதைப் படியில் இறக்கி, வண்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கயிறு தேடினார்கள். தெருவே வாசலில் நின்றது. எங்கள் வீட்டுக்காரர் மாடியில், பேப்பரை மடித்து மடியில் வைத்திருந்தார். தையல்காரி மேலே தனியாக நின்று ஜன்னல் கதவுகளைச் சாத்த வந்தாள். ஒரு கதவைச் சாத்திவிட்டாள். இன்னொன்றில் கையை வைத்தாள்.

"ஏங்க" என்றார் சாரத்திலிருந்து அவர்.

"என்னங்க."

"ஜன்னல மூடாதீங்க."

"பூட்டிட்டுப் போற வீட்டுல திறந்த ஜன்னல் எதுக்குங்க?"

அவர் பிரஷை டப்பாவில் வைக்கப் போய், வைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டார். "இந்தக் கட்டம் முடிஞ்சா நான் அக்கரைக்குப் போகணும். அது முடிஞ்சா வேற ஊரு, வேற பாலம். இத்தன வருஷம் அப்படித்தான் போயிட்டு இருந்தேன், ஒண்ணும் தோணல. இப்ப போக மனசு இல்லீங்க. நீங்க இங்க இருந்தீங்கன்னா நானும் இங்கயே..."

கல் லாரி பாலத்தில் ஏறியது. பின்னாலேயே பஸ்.

அவர் 'இங்கயே'வில் நின்றார். வாய் திறந்தபடி, பிரஷ் தூக்கியபடி. தெருவும் நின்றது. தம்பி ஒருவன் மட்டும் கயிறு எங்கே என்று டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தான். தகடுகள் குதித்தன, சாரம் ஆடியது. ஓயட்டும் என்று நாங்கள் அத்தனை பேரும் காத்திருந்தோம்.

அவள் காத்திருக்கவில்லை. இந்தத் தெருவில் பிறந்து, இந்தச் சத்தத்தில் பல் முளைத்து, ஊருக்கெல்லாம் 'பாலம் ஓயட்டும்' என்று கையைக் காட்டியவள், ஜன்னலில் பாதி உடம்பை நீட்டி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை. நிதானமாக, முழுசாகப் பேசினாள். எனக்கு உதடு அசைவதுதான் தெரிந்தது. காதைத் தீட்டி என்ன பயன்? மொத்தத் தெருவிலும் ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை.

அவர் கையிலிருந்து பிரஷ் நழுவி ஆற்றில் விழுந்தது.

பஸ் இறங்கியது. பாலம் ஓய்ந்தது. அவள் சாத்தியிருந்த கதவைத் திறந்து கொக்கி மாட்டினாள். பிறகு கீழே குனிந்து, "தம்பி, மெஷின மேல கொண்டு வந்து வை" என்றாள்.

"இப்பத்தானக்கா எறக்கினேன்?"

"எறக்கின ஆளுக்குத்தான் வழி தெரியும்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, சாரத்தைப் பார்த்தான். அப்புறம் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தான். நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி இளித்துக்கொண்டு நின்றோம். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று கொஞ்சம் முனகினான். பெற்றவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், லீவுக்குக் கூட்டிவா, பாலம் காட்டுகிறேன் என்று ஜன்னலிலிருந்து பதில் வந்தது. மெஷின் திரும்பவும் படி ஏறியது. ஏறும்போது தம்பி பேசிய வார்த்தைகளை எழுத முடியாது.

டீ குடித்துவிட்டுக் காலி வண்டியில் ஏறப் போனவன், என்ன நினைத்தானோ, திரும்பி வந்து பாலத்தடியில் நின்றான். நிமிர்ந்து பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மாமா," என்றான், "பாத்து எறங்குங்க."

அவர் பாதி ஏணியில் இருந்தார். அன்றைக்கு இறங்கியதுதான் அவர் அதுவரை இறங்கியதிலேயே ஜாக்கிரதையாக இறங்கியது.

பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். சாட்சிக்கு எங்கள் வீட்டுக்காரர் போனார். முதல் கட்டத்துக்குப் பெயின்ட் அடித்து முடிந்ததும் இன்ஜினியர் தன் தீப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். பாலம் முழுவதிலும் அளவு பிசகாமல் இருந்தது அந்தக் கட்டம்தானாம். கையோடு மாடி ஏறி ஒரு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனாள். இடுப்புச் சுற்றளவு எங்களுக்கெல்லாம் கேட்டது. இப்போது அவர் காலையில் அக்கரைக்கு வேலைக்கு நடந்து போகிறார், சாயங்காலம் பாலத்தின் மேல் நடந்து வீட்டுக்கு வருகிறார். பெயரை மாற்றலாமா என்று யோசித்தோம். மாடியில்தானே இருக்கிறார், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஆனால் அவள் என்னதான் சொன்னாள்?

அவளிடமே கேட்டேன். "சத்தத்துல எனக்கே கேக்கலக்கா" என்கிறாள். அவரிடம் கேட்டேன். காயட்டும், சொல்கிறேன் என்கிறார். எத்தனை நாள் தூக்கம் கெட்டது என்று எனக்குத்தான் தெரியும். பிறகு ஒருநாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, சுரீரென்று உறைத்தது. அன்றைக்கு மாடியில் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, எதிர் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்திருந்தது யார்?

கத்தியோடு மாடிக்குப் போய்விட்டேன். என்னங்க, அன்னைக்கு அவ பேசினதப் படிச்சீங்களா என்றேன். படித்தேன் என்றார், ஏதோ பேப்பரில் வந்த செய்தி மாதிரி. இத்தனை நாளும் என் எதிரில் உட்கார்ந்து காபி குடித்த மனிதர். சொல்லுங்கள் என்றேன். சத்தத்துக்கு நடுவில் ஒருத்தி சொன்னதைச் சத்தமில்லாத இடத்தில் சொல்வது மரியாதை இல்லை என்றார். கெஞ்சினேன். கோபித்தேன். காபியில் சர்க்கரை கூட்டினேன், குறைத்தேன். மனிதர் அசையவில்லை.

நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்திருந்தோம். அக்கரையிலிருந்து மேலே இருக்கிறவர் நடந்து வந்துகொண்டிருந்தார், இடுப்பில் ஓரம் அடித்த துணியோடு. எதிர் ஜன்னலில் அவள் விளக்கைப் போட்டாள். எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். சரி, சொல்கிறேன் என்றார். ஆனால் ஆரம்பிக்கவில்லை. பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஏறித் தகடுகள் குதிக்க ஆரம்பித்ததும், என் முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு அவர் வாயைப் பார்த்தேன்.

முதல் வார்த்தை பிடிபட்டுவிட்டது. மீதிக்கு அடுத்த பஸ் வர வேண்டும்.